பிரிந்திருந்ததால் கிடைத்துவந்தது என்ன? ஆலை நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அலுவலக நெட்வொர்க்கையும், ஆலைத் தளத்தில் மோட்டாரையும் வால்வையும் ஓட்டிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டு நெட்வொர்க்கையும் இணைக்கும் திட்டம் ஒன்று இந்நேரம் உங்கள் ஒப்புதலுக்கு வந்திருக்கலாம். வராவிட்டாலும் விரைவில் வரும். இணைப்பால் வரப்போகும் ஆதாயம் அந்தக் கோப்பில் பக்கம் பக்கமாக இருக்கும். இரண்டும் இத்தனை காலம் தனித்தனியாக இருந்ததால் என்ன கிடைத்துவந்தது என்ற பக்கம் மட்டும் இருக்காது. அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

கட்டுப்பாட்டுக் கருவிகளையும் நெட்வொர்க்கையும் அமைத்துப் பராமரிக்கும் பொறியாளர்கள் நாங்கள். இணைப்புக்கு எதிராக எழுதவில்லை. சரியாகச் செய்தால் அதில் உண்மையான பலன் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதையும் கீழே சொல்கிறோம். ஆனால் இரண்டு தொழில்நுட்பங்கள் ஒன்று சேரும்போதெல்லாம் யாரும் கேட்காமலேயே கிடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போகிறது. தொலைபேசியில் இது நடந்தது. செம்புக் கம்பித் தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. வீடு இருண்டு கிடந்தாலும் பேச முடிந்தது. குரல் இணையத்தின் மேல் ஏறிய பிறகு, மோடத்துக்கு மின்சாரம் இல்லையென்றால் தொலைபேசியும் இல்லை. கம்பி வழியே வந்த மின்சாரத்தை நிறுத்தலாம் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அது குரல் சேவையின் பட்டியலில் ஒரு தனி வரியாக இருந்ததே இல்லை.

ஆலையில் இதுபோன்ற எழுதப்படாத வரிகள் ஏராளம். முதலில் சென்சார் கம்பியையே பார்ப்போம். சென்சார் தன் அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4–20 மில்லியாம்பியர் சுற்றில் அளவின் அடிமட்டம் 0 அல்ல, 4. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். ஆகவே 0 வந்தால் அது அளவல்ல, பழுது என்று அந்த நொடியே தெரியும். ஆலைத் தானியக்கப் பயனர்களின் நாமூர் அமைப்பு வெளியிட்ட என்இ 43 பரிந்துரை இதை இன்னும் கூர்மையாக்கியது: 3.8 முதல் 20.5 வரை அளவு, 3.6க்குக் கீழோ 21க்கு மேலோ போனால் கருவியில் கோளாறு. இப்போது அதே அளவை ஒரு கேட்வே (இரண்டு நெட்வொர்க்குக்கு நடுவே டேட்டாவைக் கடத்தும் கருவி) வழியாக டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகிறீர்கள். கேட்வேக்கும் பிஎல்சிக்கும் (இயந்திரத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) நடுவே இணைப்பு அறுந்தால், பல கேட்வேக்கள் கடைசியாகப் படித்த 73.2 டிகிரியையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். டேஷ்போர்டில் அழகான நேர்கோடு ஓடும். கூட்டத்தில் அதைக் காட்டி, வெப்பநிலை கட்டுக்குள் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவார்கள்.

இதற்கு மாற்று இருக்கிறது, செலவும் அதிகமில்லை. ஒவ்வொரு அளவோடும் அது நம்பத்தக்கதா என்ற தரக்குறியும், அளந்த இடத்திலேயே இட்ட நேர முத்திரையும் சேர்ந்து பயணிக்க வேண்டும். கருவிகள் டேட்டாவைப் பரிமாறும் நெறிமுறைகளில், ஓபிசி யுஏவில் இரண்டுக்கும் இடம் உண்டு, பழைய மோட்பஸில் இல்லை. மோட்பஸ் என்றால், பிஎல்சிக்குள் நொடிக்கு ஒன்று கூடும் ஒரு எண்ணியை வைத்து, அது 5 நொடி நகராவிட்டால் அந்த பிஎல்சியிலிருந்து வரும் எல்லா அளவையும் ‘சந்தேகம்’ என்று குறிக்கச் சொல்லுங்கள். புரோக்கர் என்ற நடுவர் சர்வர் வழியே செய்தி அனுப்பும் எம்கியூடிடி நெறிமுறையைப் பயன்படுத்தினால் ‘ரீடெய்ன்’ வசதியில் ஒரு பொறி உண்டு. புதிதாக இணையும் எவருக்கும் புரோக்கர் கடைசி மதிப்பைத் தானே கொடுத்துவிடும். அந்த மதிப்பு நேற்றையதாகவும் இருக்கலாம். சென்சார் முனை செத்துவிட்டதைச் சொல்ல ‘லாஸ்ட் வில்’ செய்தியைக் கட்டாயமாக்கினால்தான் அந்த ரீடெய்ன் மதிப்பை நம்ப முடியும். இன்னொரு எளிய சோதனை: உயிருள்ள அனலாக் சென்சாரின் கடைசி இலக்கம் எப்போதும் கொஞ்சம் ஆடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் ஒரே எண் வந்தால் அந்த எண்ணைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது மின்சாரப் பிரிவினை. இரண்டு கட்டடங்களில் இரண்டு தனி நெட்வொர்க்குகள் இருந்தவரை, அவற்றின் எர்த் மின்னழுத்தம் வேறு வேறாக இருந்தது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஈதர்நெட் துறைகளில் (கேபிள் செருகும் போர்ட்டுகள்) உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் சிக்னல் கம்பிகள் தப்பிவிடும். ஆனால் ஷீல்டு போட்ட கேபிளால் இரண்டு கட்டடங்களையும் இணைத்து, ஷீல்டை இரு முனைகளிலும் எர்த் செய்தால், அந்த ஷீல்டு வழியே மின்னோட்டம் ஓட ஆரம்பிக்கும். பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போது மட்டும் பாக்கெட்டுகள் (டேட்டாத் துண்டுகள்) தொலைவது, இடிமின்னலுக்குப் பிறகு நெட்வொர்க் சுவிட்சின் துறைகள் வரிசையாகச் சாவது எல்லாம் இதன் அறிகுறிகள். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் எந்த இணைப்பும் ஃபைபராக இருக்கட்டும். இதில் வாதாட ஒன்றுமில்லை.

கேபிள்களை இணைத்து பாக்கெட்டுகளைத் திருப்பிவிடும் இந்தச் சுவிட்சுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இணைப்புத் திட்டங்களில் முதல் வாரத்திலேயே ஆலையை நிறுத்துவது பெரும்பாலும் இதுதான். ஐடி பிரிவு தன் வழக்கமான அமைப்போடு ஒரு சுவிட்சைத் தளத்தில் மாட்டுகிறது. பாக்கெட்டுகள் நெட்வொர்க்கில் முடிவின்றிச் சுற்றாமல் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் ஒரு துறை விழித்தெழுந்து பாக்கெட்டை அனுப்ப ஆரம்பிக்க 30 நொடி ஆகும்: கேட்பதற்கு 15, கற்பதற்கு 15. அலுவலகத்தில் இதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஒரு வலைப்பக்கம் சற்றுத் தாமதமாகத் திறக்கும், அவ்வளவுதான். இயந்திரக் கட்டுப்பாட்டுக்கான ப்ரோஃபிநெட் நெறிமுறையில் 8 மில்லிநொடிச் சுற்று, மூன்று சுற்று தவறினால் இணைப்பு போனதாகக் கொள் என்று அமைத்திருந்தால், அந்த இயந்திரத்தின் பொறுமை மொத்தம் 24 மில்லிநொடி. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் சுவிட்ச் மீள்வதற்குள் அந்த வரிசையில் உள்ள எல்லா இயந்திரமும் கோளாறு விளக்கை ஏற்றி நின்றுவிடும்.

வளைய அமைப்புக்குப் போனால் தீருமா என்றால், பாதிதான். எம்ஆர்பி வளையம் ஓர் இடத்தில் அறுந்தால் 200 மில்லிநொடிக்குள் மாற்று வழியைத் திறந்துவிடும். 24 மில்லிநொடியில் கைவிடும் கருவிக்கு அதுவும் தாமதம்தான். வாட்ச்டாக் நேரத்தை, அதாவது இணைப்பு போனதாகக் கொள்ளும்வரை கருவி காத்திருக்கும் நேரத்தை, 200க்கு மேல் உயர்த்த வேண்டியிருக்கும். அப்படி உயர்த்தினால் அந்த இயந்திரம் 200 மில்லிநொடி குருட்டுத்தனமாக ஓடினாலும் ஆபத்தில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். மெதுவாக நகரும் கன்வேயருக்குச் சரி; வேகமாகச் சுழலும் வெட்டுக் கத்திக்குச் சரியில்லை. இயந்திரம் மட்டுமே செருகப்படும் துறைகளில் ஸ்பானிங் ட்ரீயின் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பை இடுவது, பல்முனைப் பரப்பு (மல்டிகாஸ்ட்) பாக்கெட்டுகள் எல்லாத் துறைக்கும் வெள்ளமாகப் பாயாமல் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை இயக்குவது, இந்த இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

பாதுகாப்புக்கு வருவோம். தனித்திருந்த நெட்வொர்க் தாக்கப்படவே முடியாதது என்பது எப்போதுமே முழு உண்மையாக இருந்ததில்லை. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தாக்குதல் மென்பொருள், இணையத்தோடு இணைக்கப்படாத இடத்துக்குள் யுஎஸ்பி வழியாகவும் நுழையக்கூடியதாக எழுதப்பட்டிருந்தது. உள்ளே சென்று சுழல் இயந்திரங்களைக் கெடுத்துக்கொண்டே, அவற்றை இயக்குபவர்களின் திரைக்குப் பழைய நல்ல அளவுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. 2015 டிசம்பரில் உக்ரைனின் மின் விநியோக நிறுவனங்களுக்குள் அலுவலகக் கணினிகள் வழியே நுழைந்தவர்கள் சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். 2017இல் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் வெளிப்பட்ட ட்ரைட்டன் என்ற தாக்குதல் மென்பொருள், ஆபத்து நேரத்தில் ஆலையை நிறுத்துவதற்கென்றே இருக்கும் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவியையே குறிவைத்தது. எனவே பிரிவினை ஒரு மந்திரக் கவசமாக இருந்ததில்லை. இருந்தாலும் தாக்குபவர் கடக்க வேண்டிய தூரத்தை அது நீட்டியது. இணைக்கும்போது அந்தத் தூரத்தை நீங்களே திட்டமிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும்.

கட்டும் விதம் புதிதல்ல. பர்டூ பல்கலைக்கழகத்தில் தியோடர் வில்லியம்ஸ் வழிநடத்திய குழு 1990களின் தொடக்கத்தில் வகுத்த அடுக்கு மாதிரியும், ஐஇசி 62443 தரநிலை சொல்லும் மண்டலமும் வழித்தடமும் இன்றும் போதுமான அடித்தளம். நடைமுறையில் இதன் சாரம் இதுதான்: அலுவலகத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு இடைமண்டலம் இருக்கும், எந்த இணைப்பும் அதைத் தாண்டி நேராக மறுபக்கம் போகாது. தளம்தான் டேட்டாவை இடைமண்டலத்துக்குத் தள்ளும். அலுவலகம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அலுவலகப் பக்கமிருந்து பிஎல்சியை நோக்கித் திறக்கும் இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெளியிலிருந்து இயந்திரத் தயாரிப்பாளர் பழுது பார்க்க வரவேண்டுமென்றால் இடைமண்டலத்தில் ஒரே ஒரு நுழைவுக் கணினி, இரட்டை அடையாளச் சோதனை, வேலை முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும் கால வரம்பு.

மோட்பஸ் 1979இல் பிறந்தது. அதில் கடவுச்சொல் கிடையாது. அதற்கான நெட்வொர்க் வாயில் எண்ணான 502ஆம் துறையை எட்டக்கூடிய எவரும் எழுதலாம். ஆகவே வெறும் கண்காணிப்புக்காக இணைக்கிறீர்கள் என்றால், ஃபயர்வாலில் துறை எண்ணை மட்டும் அனுமதித்தால் போதாது. மோட்பஸின் உள்ளே பார்க்கத் தெரிந்த ஃபயர்வால் வைத்து, படிக்கும் கட்டளைகளான 3, 4 மட்டும் போகட்டும். எழுதும் கட்டளைகளான 5, 6, 15, 16 நின்றுவிடட்டும். ‘டேஷ்போர்டு மட்டும்தானே’ என்று சொல்லிக்கொண்டு எழுதும் வழியையும் திறந்துவைத்திருக்கும் அமைப்புகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். இன்னொன்று: அலுவலகத்தில் வாரா வாரம் ஓடும் பாதுகாப்பு ஸ்கேனைத் தளத்தின் மேல் ஏவாதீர்கள். பழைய பிஎல்சிகளின் நெட்வொர்க் அட்டைகள் எதிர்பாராத பாக்கெட் வந்தால் தொங்கிப்போகும். சுவிட்சில் போக்குவரத்தின் நகலை எடுத்துக் கேட்கும் முறை அதற்குப் போதும்.

எதிர்த்திசைச் சார்பையும் பாருங்கள். கோப்புகளில் அது இன்னும் அரிதாகவே வரும். 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைனில் ரான்சம்வேர் (கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) பிடித்தது அலுவலகக் கணினிகளை. குழாயை இயக்கும் கட்டுப்பாடு தாக்கப்படவில்லை. ஆனாலும் முன்னெச்சரிக்கையாகக் குழாயையே பல நாள் நிறுத்த வேண்டியதாயிற்று. நார்வேயின் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோவில் 2019 மார்ச்சில் கணினிகள் முடங்கியபோது சில ஆலைகளைக் கையால் இயக்கும் முறைக்கு மாற்றிச் சமாளித்தார்கள். உங்கள் ஆலையில் உற்பத்தி ஆணை அலுவலக சர்வரிலிருந்து வருகிறதா? லேபிள் அச்சிடும் கணினி எங்கே உள்நுழைகிறது? எடை மேடை யாரிடம் அனுமதி கேட்கிறது? தாளில் பதில் தேடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டு நெட்வொர்க்குக்கும் நடுவிலுள்ள கேபிளை ஒரு முழு ஷிப்டுக்குப் பிடுங்கி வையுங்கள். எது நிற்கிறதோ அதுதான் பதில்.

இனி நேரம். தனித்தனி அமைப்புகளில் ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் தன் போக்கில் ஓடியது, யாருக்கும் குறையில்லை. இணைத்த மறுநாளே குறை தெரியும். பிரேக்கர் விழுந்தது 10:14:07 என்று ஒரு பதிவும், அதற்குக் காரணமான மிகைச்சுமை 10:14:10 என்று இன்னொரு பதிவும் சொல்லும். காரணம் விளைவுக்குப் பிறகு வந்துவிட்டது! சாதாரண அளவுகளுக்கு, நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி போதும், சில மில்லிநொடித் துல்லியம் கிடைக்கும். மின்சாரப் பாதுகாப்புப் பதிவுகளையும் பல அச்சு இயக்கங்களையும் ஒப்பிட வேண்டுமென்றால் ஐஇஇஇ 1588 எனப்படும் பிடிபி வேண்டும். வழியிலுள்ள சுவிட்சுகளும் அதை ஆதரித்தால்தான் மைக்ரோநொடிக்குக் கீழே இறங்கும். ஆலைக்குள் ஒரே ஒரு நேர மூலம் வையுங்கள். இணையத்திலிருந்து ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக நேரம் கேட்க வேண்டாம். பதிவுகள் அனைத்தும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கட்டும், திரையில் மட்டும் உள்ளூர் நேரமாக மாறட்டும்.

நேரம் சரியாக இருந்தும் எண் தவறாக வரும் இடங்கள் உண்டு. இதில் ஒன்றிரண்டை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. மோட்பஸ் ரிஜிஸ்டர் (மதிப்பை வைக்கும் நினைவிடம்) ஒன்று 16 பிட். தசம எண் ஒன்றுக்கு 32 பிட், அதாவது இரண்டு ரிஜிஸ்டர். எது முதலில் என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லை. சோதிப்பதற்கு 100.0 என்ற மதிப்பை எழுதிப் பார்ப்பது பலரின் வழக்கம். வரிசை மாறியிருந்தால் அது மறுமுனையில் ஏறக்குறைய 0 என்று தெரியும், சென்சார் இணைக்கப்படவில்லை என்று நினைத்துக் கம்பியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். 123.456 எழுதிப் பாருங்கள். வரிசை மாறியிருந்தால் 25 இலக்கத்துக்கும் மேற்பட்ட ஒரு எதிர்மறை எண் திரையில் வந்து நிற்கும். தவறு தவறாகவே தெரியும்.

எண்ணிகளும் அப்படித்தான். 16 பிட் எண்ணி 65,535ஐத் தொட்டதும் 0க்குத் திரும்பும். நொடிக்கு இரண்டு பொருள் வரும் வரிசையில் இது 9 மணி நேரத்துக்கு ஒரு முறை நடக்கும். அந்த நொடியில் உற்பத்தி எதிர்மறையாகப் பதிவாகும். இதைவிட நுட்பமானது, மொத்த எண்ணிக்கையை 32 பிட் தசம எண்ணாக வைத்து ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போவது. 1,67,77,216ஐ எட்டியதும் அது நின்றுவிடும். அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் விடையை அந்த வடிவத்தில் எழுத இலக்கம் போதாது. ஒன்று மறைந்துபோகும், கோளாறுச் செய்தியும் வராது. எண்ணிக்கைகளுக்கு முழு எண், குறைந்தது 32 பிட். கோப்பில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் பின்னால் பல மாத வழக்கு மிச்சம்.

இத்தனையும் சொன்ன பிறகு, எதற்காக இணைக்க வேண்டும்? பலன் முதலில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் விளம்பரத் தாளில் இல்லாத இடம்: மின் அளவையும் உற்பத்தி எண்ணிக்கையையும் ஒரே நேரக்கோட்டில் வைப்பது. மின்மீட்டர் ஒருவரிடம், எண்ணிக்கை இன்னொருவரிடம் இருந்தவரை ‘இந்த மாதம் இவ்வளவு யூனிட்’ என்பதற்கு மேல் பேச முடியவில்லை. இயந்திரவாரியாக நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டையும் எடுத்தால், ஒரு பொருளுக்கு எத்தனை யூனிட் என்பது தெரியும். அதைவிட முக்கியமாக, எண்ணிக்கை 0 ஆக இருக்கும்போது எவ்வளவு ஓடுகிறது என்பதும் தெரியும். வரிசை நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர், காற்றுக் குழாயின் கசிவைத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, தரச் சோதனையையும் செய்முறை அளவுகளையும் இணைப்பது. இதில் பலரும் தவறும் இடம், இரண்டையும் ஒரே நேர முத்திரையில் பொருத்துவது. அடுப்பிலிருந்து சோதனை மேடை 18 மீட்டர் தொலைவில், கன்வேயர் நிமிடத்துக்கு 6 மீட்டர் என்றால், இப்போது சோதிக்கப்படும் பொருள் 3 நிமிடம் முன்பு அடுப்பை விட்டது. கன்வேயர் வேகம் மாறினால் அந்த 3 நிமிடமும் மாறும், நின்றால் நீளும். எனவே நிமிடத்தை வைத்துக் கழிக்காமல் கன்வேயர் நகர்ந்த தூரத்தை வைத்துப் பின்னால் போக வேண்டும். கன்வேயர் அச்சில் அதன் சுழற்சியை அளக்கும் ஒரு என்கோடர் இருந்தால் போதும். இதைச் செய்யாமல் ஓட்டிய பகுப்பாய்வில் ‘தொடர்பு எதுவும் இல்லை’ என்ற முடிவு வந்து திட்டம் கைவிடப்படுவதுண்டு. தொடர்பு 18 மீட்டர் தள்ளி இருந்திருக்கும்.

மூன்றாவது அதிர்வுக் கண்காணிப்பு. நிமிடத்துக்கு 1,480 சுற்று என்றால் நொடிக்கு 24.7. ஒன்பது உருளைகள் உள்ள பேரிங்கின் வெளி வளையத்தில் கீறல் விழுந்தால், தோராயமாகச் சுற்று வேகம் × உருளை எண்ணிக்கை × 0.4, அதாவது நொடிக்கு 89 தட்டல். ஒவ்வொரு தட்டலும் உலோகத்தைச் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் அதிரவைக்கும். கீறல் சிறிதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டுமென்றால் அந்த மேல் அதிர்வைத்தான் கேட்க வேண்டும். நொடிக்கு ஒரு முறை பிஎல்சி ரிஜிஸ்டரைப் படிக்கும் அமைப்பால் இது ஒருநாளும் ஆகாது. நொடிக்கு 25,600 மாதிரி, ஒவ்வொன்றும் 2 பைட் என்று ஒரு சென்சாரைத் தொடர்ந்து பதிந்தால் நாளுக்கு 4.4 ஜிபி. நூறு சென்சார் என்றால் நாளுக்கு 440 ஜிபியைத் தாண்டும். மணிக்கு ஒரு முறை 4 நொடி மட்டும் பதிந்தால் நாளுக்கு 5 எம்பிகூட வராது. பேரிங் கீறல் வாரக் கணக்கில் வளர்வது, மணிக்கு ஒன்று தாராளம். சென்சாரை வண்ணப்பூச்சின் மேல் காந்தத்தால் ஒட்டாதீர்கள், மேல் அதிர்வுகள் அங்கேயே மழுங்கிவிடும். பூச்சைச் சுரண்டித் தட்டையாக்கி ஸ்க்ரூவால் இறுக்குங்கள். பேரிங் மாற்றினால் அடிப்படை அளவையும் புதிதாக எடுக்க வேண்டும். பழைய அடிப்படையோடு ஒப்பிடும் மென்பொருள் புதிய பேரிங்கைப் பழுது என்று சொல்லும். இரண்டு முறை பொய் அலாரம் கேட்ட மெக்கானிக் மூன்றாவது முறை திரும்பிப் பார்க்க மாட்டார்.

இதையொட்டி ஒரு வார்த்தை. கணிப்பு மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டியது பழுதுகளிலிருந்து. நன்றாகப் பராமரிக்கப்படும் ஆலையில் பழுதுகள் குறைவு. நடந்தவையும் வேலைப் பதிவேட்டில் ‘மோட்டார் சரிசெய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரியாக இருக்கும். எந்த மோட்டார், எந்தப் பக்கத்துப் பேரிங், கழற்றியபோது என்ன இருந்தது என்பது இல்லாமல் எந்த மாடலும் தேறாது. மென்பொருளுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை அந்தப் பதிவேட்டைத் திருத்துவதற்கு மாற்றுங்கள். சென்சார் பெயர், பதிவேட்டுப் பெயர், இயந்திரத்தின் மேல் ஒட்டிய பலகை மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

வரப்போகும் போக்குகளில் எங்களுக்கு மிகவும் நம்பிக்கை தருவது, கவர்ச்சி குறைந்த ஒன்று: ஒரே ஜோடிக் கம்பியில் ஓடும் ஈதர்நெட். 2019இன் ஐஇஇஇ 802.3சிஜி தரநிலையில் வந்த 10பேஸ்-டி1எல், 10 மெகாபிட் வேகத்தை 1,000 மீட்டர் வரை கொண்டுபோகும். அதே ஜோடியில் மின்சாரத்தையும் அனுப்ப முடியும். அதன்மேல் அமைந்த ஈதர்நெட்-ஏபிஎல் வெடிப்பு ஆபத்துள்ள இடங்களுக்கும் பொருந்தும்; கிளைக் கேபிள் 200 மீட்டர் வரை. முன்பு ஹார்ட் நெறிமுறை அதே கம்பியில் நொடிக்கு 1,200 பிட் அனுப்பியதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய தாவல் என்பது தெரியும். தளக் கருவிகளை இணைக்கும் முந்தைய முறையான ஃபீல்டுபஸ்ஸுக்கு இழுத்த பழைய கேபிளையே பல இடங்களில் பயன்படுத்தலாம். புதிதாகக் கேபிள் இழுக்கும் திட்டம் கையில் இருந்தால் இதைக் கேளுங்கள்.

டிஎஸ்என் எனப்படும் நேர உறுதி ஈதர்நெட், கேமராப் படமும் இயக்கக் கட்டளையும் ஒரே கம்பியில் போயாக வேண்டிய இடத்துக்கு அருமையானது. மற்ற இடங்களில் தனி விலேனும் (ஒரே கம்பியில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) தாராளமான அலைவரிசையும் (பேண்ட்விட்த்) அதே வேலையைச் செய்துவிடும். தனியார் 5ஜி நகரும் வண்டிகளுக்கும் கிரேன்களுக்கும் நல்லது. தரையில் போல்ட் போட்டு நிற்கும் இயந்திரத்துக்குக் கம்பியே மேல். ‘டிஜிட்டல் ட்வின்’ (இயந்திரத்தின் கணினி நகல்) என்ற சொல் திட்டக் கோப்பில் வந்தால், எந்தச் சமன்பாடு எந்த அளவை எத்தனை நிமிடம் முன்னால் கணிக்கிறது என்று கேளுங்கள். பதில் முப்பரிமாணப் படமாக வந்தால் அது படம்தான்.

சர்வரில் ஓடும் மெய்நிகர் பிஎல்சியைப் பற்றி எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பேக்கப் எடுப்பதும் மாற்றிப் பார்ப்பதும் எளிது, உதிரி பாகம் தேட வேண்டாம். ஆனால் பத்துப் பெட்டிகள் பத்து இயந்திரத்தை ஓட்டியபோது ஒன்று கெட்டால் ஒன்றுதான் நின்றது. ஒரே சர்வரில் பத்தும் ஓடினால், அதன் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு வரும் ஒரு மறுதொடக்கம் பத்தையும் நிறுத்தும். எந்தெந்த இயந்திரங்கள் சேர்ந்து நின்றால் தாங்கும் என்று உற்பத்திப் பிரிவு முதலில் சொல்லட்டும். அதன்படி சர்வர்களைப் பிரியுங்கள். அவசர நிறுத்தத்தையும் பாதுகாப்புக் கருவிகளையும் இதில் சேர்க்க வேண்டாம். ப்ரோஃபிசேஃப் போன்ற நெறிமுறைகள் பொது நெட்வொர்க்கின் மேலேயே பாதுகாப்புச் செய்திகளை அனுப்ப முடியும் என்பது உண்மை; குறித்த நேரத்துக்குள் சரியான செய்தி வராவிட்டால் அவை இயந்திரத்தை நிறுத்திவிடும் என்பதும் உண்மை. நெட்வொர்க் ஆட்டம் காணும் ஆலையில் அது பாதுகாப்பாகவே நிற்கும், அடிக்கடி நிற்கும்.

கடைசியாகப் பொறுப்பு. இதைத்தான் எந்த விற்பனையாளரும் எழுதித் தர மாட்டார். இரண்டு நெட்வொர்க் இருந்தபோது இரண்டு எஜமானர்கள் இருந்தார்கள், எல்லை தெளிவாக இருந்தது. ஐடி பிரிவின் கணினிகள் நான்கைந்து ஆண்டில் மாறும். பிஎல்சி 15, 20 ஆண்டு ஓடும். அதனால்தான் 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பியை இன்னமும் இயந்திரத்தை ஓட்டுபவர்களின் சில திரைகளில் பார்க்க முடிகிறது. அதை மாற்றச் சொன்னால் இயந்திர உத்தரவாதம் போகும், விட்டுவைத்தால் தணிக்கையில் சிக்கும். இப்படிப்பட்ட கணினிகளைத் தனி மண்டலத்தில் அடைத்து, தேவையான ஒரே துறையை மட்டும் திறந்துவைப்பது இடைக்கால வழி. இரவு இரண்டு மணிக்குச் சுவிட்ச் கெட்டால் யாரைக் கூப்பிடுவது? உதிரி சுவிட்சும் அதன் அமைப்புக் கோப்பும் எங்கே இருக்கின்றன? ஓபிசி யுஏ சான்றிதழ் காலாவதியாகும் தேதியை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்? சான்றிதழ் முடிந்த அன்று எந்தப் பழுதும் இல்லாமல் டேட்டா வருவது நின்றுவிடும். பெயரும் மாற்றுப் பெயரும் இல்லாத கேள்வி ஒவ்வொன்றும் ஒருநாள் உற்பத்தி இழப்பாக மாறும்.

எங்கள் வேண்டுகோளை நடைமுறையாகச் சொல்லிவிடுகிறோம். திட்டக் கோப்போடு இன்னொரு தாள் இணைக்கச் சொல்லுங்கள். அதில் மூன்று நெடுவரிசை: பிரிந்திருந்ததால் இதுவரை கிடைத்தது எது, இணைத்த பிறகு அதை எது தரும், அது வேலை செய்கிறது என்று எப்படிச் சோதித்தோம். கம்பி அறுந்தால் தெரிவது, எர்த் பிரிவினை, கடிகாரம், ஒன்று கெட்டால் ஒன்றே நிற்பது, வெளியார் நுழைய முடியாமை, அலுவலகம் செத்தாலும் தளம் ஓடுவது, பொறுப்பாளர் பெயர் ஆகிய வரிகளாவது இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பொறியாளரும் ஐடி பொறியாளரும் சேர்ந்து அதை நிரப்பட்டும், இருவரும் கையெழுத்திடட்டும். பிறகு ஒரே ஒரு உற்பத்தி வரிசையை, படிக்க மட்டும் உரிமை கொடுத்து, மூன்று மாதம் இணைத்து வையுங்கள். அந்த மூன்று மாதத்தில் இணைப்பை வேண்டுமென்றே ஒரு முறை அறுங்கள். விட்டுப்போன அளவுகள் கேட்வேயின் உள்நினைவிலிருந்து சரியான நேர முத்திரையோடு திரும்பி வருகின்றனவா என்று பாருங்கள். 200 அளவு, நொடிக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 20 பைட் என்றால் நாளுக்கு 350 எம்பிக்குள். மூன்று நாளைக்குச் சேமிக்க 1 ஜிபியைச் சற்றே தாண்டும். அதுகூட இல்லாத கேட்வேயை வாங்க வேண்டாம். சேமித்ததைத் திருப்பி அனுப்பும்போது வேகக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் பழைய டேட்டாவின் வெள்ளத்தில் புதிய அலாரம் சிக்கிக்கொள்ளும்.

எழுதும் உரிமையை எப்போது திறப்பது என்று அதற்குப் பிறகு பேசலாம். அந்தப் பேச்சுக்கு இரவு ஷிப்டில் இயந்திரத்தை ஓட்டுபவர்களையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டுப்பாட்டு, நெட்வொர்க் பொறியாளர்கள்